காப்பி அடித்த அசைன்மென்ட் மேசைக்கு வந்தால்: புதிதாக வகுப்பெடுக்க வந்தவர்களுக்கு

முதல் செமஸ்டர் முடிவதற்குள் இது உங்களுக்கும் நடக்கும். அறுபது அசைன்மென்ட்டை அடுக்கிவைத்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். இருபத்து மூன்றாவது தாளில் ஒரு வாக்கியம் ஏற்கெனவே படித்த மாதிரி இருக்கும். கட்டைப் புரட்டினால் ஒன்பதாவது தாளில் அதே வாக்கியம், அதே எழுத்துப்பிழையோடு. கோபம் வரும். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுக்கக் கை பரபரக்கும்.

அந்த இடத்தில் பேனாவை மூடி வையுங்கள். நான் மூடவில்லை. கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரே மாதிரி இருந்த இரண்டு தாள்களை வகுப்பில் தூக்கிக் காட்டி, ஒரு பெண்ணை எழுப்பி நிறுத்தி, "இது யாரைப் பார்த்து எழுதினது?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் அழுதாள். அழுகையை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, எழுதியவளே அவள்தான். ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண் "பார்த்துட்டுத் தரேன்" என்று வாங்கிப்போய், போனில் படம் எடுத்து, அப்படியே எழுதியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன், ஆனால் ஸ்டாஃப் ரூமில் வைத்து. வகுப்பில் கேட்டிருக்க வேண்டும். அடுத்த இரண்டு வருஷமும் அந்தப் பெண் என் வகுப்பில் கடைசி பெஞ்சை விட்டு முன்னால் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியது.

1. விதி எது என்று முதலில் பாருங்கள்

'யுஜிசி விதிப்படி பத்து சதவீதம் வரை காப்பி அடிக்கலாம்' என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள். அதை நம்பி இளநிலை மாணவனின் அசைன்மென்ட்டுக்குச் சதவீதக் கணக்குப் போடாதீர்கள். யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், முதுநிலைப் பட்டத்துக்கும் ஆய்வுப் பட்டத்துக்கும் கொடுக்கும் ஆய்வேடுகள், வெளியிடும் கட்டுரைகள், நூல்கள் போன்றவற்றுக்கு உரியவை. அசைன்மென்ட், பிராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் இதெல்லாம் அதில் சேராது என்று அந்த விதிமுறையின் வரையறைப் பகுதியே சொல்கிறது. 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்த தேர்வு முறைகேடுத் தடுப்புச் சட்டத்தையும் சிலர் இழுப்பார்கள். அது யுபிஎஸ்சி, ரயில்வே, நீட் போன்ற பொதுத் தேர்வுகளுக்கானது. உங்கள் செமஸ்டர் தேர்வு அதில் வராது.

ஆக, அசைன்மென்ட்டுக்கு உங்கள் கல்லூரி விதிதான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறையில் ஒரு கையேடு இருக்கும். இணைவு பெற்ற கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிகளைப் பாருங்கள். அதில் தேட வேண்டியது: இன்டர்னல் மார்க்கைக் குறைக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டா, துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டுமா, ஹாலில் பிட் பிடித்தால் யாரைக் கூப்பிட வேண்டும். பல கல்லூரிகளில் அசைன்மென்ட்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இல்லையென்றால் நல்லதுதான். அந்த ஒரு பக்கத்தை நீங்களே எழுதி, துறைத் தலைவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பெற்றோர் வந்து நிற்கும்போது அந்தக் கையெழுத்து வேலைக்கு ஆகும்.

2. முதல் வாரமே சொல்லிவிடுங்கள்

நம் மாணவர்கள் பன்னிரண்டு வருஷம் எப்படிப் படித்து வந்தார்கள் என்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கைடில் இருப்பதை எழுத்து மாறாமல் எழுதினால் முழு மார்க். சொந்தமாக எழுதினால், 'இது எங்கே இருக்கு?' என்று கேள்வி. அந்தப் பிள்ளை ஜூன் மாதம் கல்லூரிக்கு வந்து, போனில் கிடைத்ததை எழுத்து மாறாமல் எழுதிக் கொடுக்கிறது. இதுவரை நல்ல பிள்ளை என்று பேர் வாங்கித் தந்த பழக்கம் இங்கே திருட்டு ஆகிவிட்டது. அதை யாரும் அதனிடம் சொல்லவில்லை. எல்லோரும் இப்படி அப்பாவி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்பாவிக்கும் கள்ளனுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டுமானால், முதலில் நாம் சொல்லியிருக்க வேண்டும்.

'காப்பி அடிக்காதீங்க' என்று வாயால் சொன்னால் யார் காதிலும் ஏறாது. நான் போர்டில் மூன்று பத்தி எழுதிக் காட்டுவேன். முதலில் புத்தகத்தில் இருப்பதாக ஒரு வரி:

'தூர்வாரப்படாத ஏரிகளில் மழைநீர் தேங்காமல் ஓடிவிடுவதே சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றுவதற்கு முக்கியக் காரணம்.'

அடுத்து, மாணவர் 'சொந்தமாக' எழுதியது:

'தூர் எடுக்காத குளங்களில் மழைத்தண்ணீர் நிற்காமல் போய்விடுவதே அக்கம்பக்கத்துக் கிணறுகள் வறண்டுபோவதற்கு முதன்மைக் காரணம்.'

இது காப்பியா இல்லையா என்று கேட்டால் பாதி வகுப்பு 'இல்லை மேம், வார்த்தை எல்லாம் மாத்தியாச்சே' என்று சொல்லும். வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்று அப்போது காட்ட வேண்டும். பிறகு மூன்றாவது:

'கிணறு வற்றுவதற்கு ஏரியைத் தூர்வாராததைக் காரணமாகச் சொல்கிறார் இந்நூலாசிரியர் (பெயர், ஆண்டு, பக்கம்). எங்கள் ஊரில் தூர்வாரி மூன்று வருஷம் ஆகியும் கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை. சுற்றிலும் எத்தனை போர்வெல் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.'

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குப் புரிந்துவிடும். அடுத்தவர் சொன்னதை எடுப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொல்காப்பியர் எத்தனை இடத்தில் 'என்மனார் புலவர்' என்று முன்னோர் தலையில் பாரத்தை இறக்கிவைக்கிறார்! தமிழ் மாணவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்குறிப்பு வெளிநாட்டுச் சரக்கு என்ற எண்ணம் போய்விடும்.

கூடவே சில விஷயங்களைத் தாளில் அடித்துக் கொடுத்துவிடுங்கள். சேர்ந்து உட்கார்ந்து பேசலாம், தனித்தனியாக எழுத வேண்டும். எழுதியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் கொடுத்தவரையும் கூப்பிட்டுக் கேட்பேன். தேதிக்குள் முடியவில்லை என்றால் முதல் நாளே வந்து சொன்னால் நாலு நாள் தருவேன். இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் என் வகுப்பில் காப்பி குறைந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு, காலையில் கொடுத்தே ஆக வேண்டும் என்ற பயத்தில் அடிக்கிற காப்பிதான் அதிகம்.

3. கேள்வியை மாற்றுங்கள்

இருப்பதிலேயே பலன் தரும் வேலை இது, நாம் சோம்பல்படுவதும் இதில்தான். 'மனிதவள மேலாண்மையின் முக்கியத்துவத்தை விவரி' என்று கேட்டால், நாலு வருஷத்துக்கு முன் சீனியர் எழுதியதே வாட்ஸப் குரூப்பில் பத்திரமாக இருக்கும். கேள்வியை நாமே காப்பி அடித்துவிட்டுப் பதில் மட்டும் சொந்தமாக வர வேண்டும் என்றால் எப்படி?

அதே பாடத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'உங்கள் தெருவில் இரண்டு பேருக்கு மேல் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு கடைக்குப் போங்கள். ஆள் எப்படி எடுக்கிறார்கள், லீவு எப்படித் தருகிறார்கள், போன வருஷம் யார் வேலையை விட்டு நின்றுகொண்டார், ஏன் என்று கேட்டு வாருங்கள். பாடத்தில் உள்ள எந்தக் கருத்து அங்கே பொருந்துகிறது, எது பொருந்தவில்லை?' ஒரு மாணவன் டீக்கடை மாஸ்டர் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பாத கதையை எழுதிக் கொண்டுவந்தான். மொழி சுமார்தான். ஆனால் அதை எழுத அவனைத் தவிர வேறு யாராலும் முடியாது.

எல்லாப் பாடத்திலும் இப்படிக் கேட்க முடியாது, சரி. கணக்கு என்றால் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைக் கணக்கில் ஒரு மதிப்பாகப் போடச் சொல்லுங்கள். இலக்கியம் என்றால் ஒரே கவிதையை எல்லோருக்கும் கொடுக்காமல், தங்களுக்குப் பிடிக்காத ஒன்றை எடுத்து ஏன் பிடிக்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். புரோகிராமிங் என்றால் வீட்டில் எழுதி வந்த நிரலில் லேபில் வைத்து ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்லுங்கள். எழுதியவர் இரண்டு நிமிஷத்தில் செய்வார். மாறிகளின் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தவர் முதல் வரியிலேயே நின்றுவிடுவார்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி துறைகளில் ரெக்கார்டு என்பதே பார்த்து எழுதுவதுதான். செய்முறையும் படமும் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். அதில் திருட்டைத் தேடிக்கொண்டிருந்தால் உங்கள் கண்தான் போகும். அப்சர்வேஷன் நோட்டைப் பாருங்கள். ரீடிங் எடுத்த உடனே, மாணவர் லேபை விட்டு வெளியே போவதற்குள், அந்தப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் அச்சடித்த மாதிரி 980 (செ.மீ./வி²) வந்தால் எனக்குச் சந்தேகம். 960-ம் 1000-ம் வந்து, ஏன் இப்படி என்று முழிக்கிற பிள்ளைதான் நிஜமாகவே ஊசலை ஆட்டியிருக்கும்.

4. படிக்கும்போது கண்ணில் படுபவை

நீல நிறத்தில் அடிக்கோடிட்ட சொற்கள், சதுர அடைப்புக்குறிக்குள் எண்கள் என்று இருந்தால் விக்கிப்பீடியாவிலிருந்து இறங்கியது. 'நிச்சயமாக! நீங்கள் கேட்ட கட்டுரை இதோ' என்று ஆரம்பித்தால், யாரைக் கேட்டார் என்று சொல்ல வேண்டியதே இல்லை. முன்னுரை தடுமாறும், நடுவில் மூன்று பக்கம் தேர் மாதிரி ஓடும், முடிவுரை மறுபடி தடுமாறும். மேற்கோள் பட்டியலில் உள்ள நூலை நூலகத்தில் தேடினால் அப்படி ஒரு நூலே இருக்காது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு வணிகவியல் பிராஜெக்ட். தலைப்பு மதுரையைப் பற்றியது. மாவட்ட அறிமுகத்தில் 'இம்மாவட்டத்தில் புகழ்பெற்ற மதுரை உருக்காலை அமைந்துள்ளது' என்று இருந்தது. சேலத்தைப் பற்றி யாரோ செய்த பழைய ரிப்போர்ட்டில், சேலம் வருகிற இடத்தில் எல்லாம் மதுரை என்று கணினியில் ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார்கள். உருக்காலையும் சேர்ந்து ஊர் மாறிவிட்டது. சிரிப்பு வந்தது, உண்மை. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் என் கையெழுத்துக்கும் ஒரு இடம் விட்டிருந்தார்கள்.

இதெல்லாம் சந்தேகத்துக்குக் காரணம், அவ்வளவுதான். ஆதாரம் வேண்டும் என்றால் எங்கிருந்து எடுத்தது என்று தேடிக் கண்டுபிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிரின்ட் எடுத்து, ஒரே மாதிரி இருக்கும் இடங்களை ஹைலைட்டரால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாதாரண வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினாலே பாதி கிடைத்துவிடும்.

5. மென்பொருள் சொல்லும் சதவீதம்

உங்கள் நூலகரிடம் கேளுங்கள். யுஜிசியின் கீழ் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்சுத்தி திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை பார்க்கும் மென்பொருள் கிடைக்கிறது. முதலில் உர்குண்ட் இருந்தது, பிறகு டிரில்பிட் வந்தது. சில இடங்களில் டர்னிடின் வாங்கியிருப்பார்கள்.

அது தருவது ஒப்புமை, திருட்டு அல்ல. 35 சதவீதம் என்று வந்த ஒரு அறிக்கையைத் திறந்து பார்த்தால் நூற்பட்டியல், சட்டப் பிரிவுகள், கல்லூரியின் முகப்புப் பக்கம் என்றே முக்கால்வாசி இருக்கலாம். 8 சதவீதம் வந்ததில் முடிவுரை முழுவதும் அடுத்தவருடையதாக இருக்கலாம். எண்ணைப் பார்க்காதீர்கள், நிறம் பூசிய இடங்களைப் படியுங்கள்.

தமிழில் எழுதியது என்றால் இன்னும் கவனம். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டியதைக் கணினி ஆங்கில எழுத்துகளாகத்தான் வைத்திருக்கும். யூனிகோடில் உள்ள தமிழோடு அது பொருந்தாது, ஒப்புமை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் தப்பிவிடும். தமிழ்த் துறைக்காரர்களுக்கு இன்னும் நல்ல மென்பொருள் அவர்கள் படித்த படிப்புதான்.

6. ஏஐ எழுதிக் கொடுத்ததா?

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லோரும் கேட்பது இது. 'இது ஏஐ எழுதியது 92 சதவீதம்' என்று சொல்லும் தளங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை வைத்துத் தண்டனை கொடுக்காதீர்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கண்டுபிடிப்பானை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இந்த மாதிரி ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று அவை சொல்லிவிட்டன. எளிய சொல், சின்ன வாக்கியம், திரும்பத் திரும்ப ஒரே அமைப்பு இருந்தால் கருவிக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. தமிழ்வழியில் படித்து வந்து, கஷ்டப்பட்டு ஆங்கிலத்தில் எழுதுகிற நம் பிள்ளைகள் எழுதுவது அப்படித்தானே இருக்கும்? முதலில் மாட்டுவது அவர்கள்தான்.

நான் தடை போடுவதில்லை. போட்டால் மறைப்பார்கள், அவ்வளவுதான். என்ன கேட்டாய், அது என்ன சொன்னது, அதில் எது தப்பு என்று கடைசிப் பக்கத்தில் ஐந்து வரி எழுதச் சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஒரு பங்கு வேலையை வகுப்பிலேயே, கையால், நாற்பது நிமிஷத்தில் எழுதவைத்து வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தாள் இருந்தால் வீட்டிலிருந்து வருவதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

7. உட்கார வைத்துப் பேசுங்கள்

மேலே சொன்னது எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள். தனியாகக் கூப்பிடுங்கள், ஆனால் மூடிய அறை வேண்டாம். ஸ்டாஃப் ரூம் ஓரத்தில், இன்னொரு ஆசிரியர் காது எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குற்றம் சாட்டாமல் கேளுங்கள்.

"வாப்பா, உட்காரு. இதுல ஒரு இடம் எனக்குச் சரியாப் புரியல. நீயே சொல்லேன்."

"எது மேம்?"

"மூணாவது பக்கம். 'விலை மாற்றத்தால் தேவை பெரிதும் பாதிக்கப்படாத பண்டங்கள்'னு எழுதியிருக்க. உங்க வீட்டுல அந்த மாதிரி என்ன இருக்கு?"

இந்த இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். ஒரு முறை ஒருவன் யோசிக்காமல், "உப்பு மேம். ரெண்டு ரூபா ஏறினாலும் எங்கம்மா அதே ஒரு பாக்கெட்தான் வாங்குவாங்க" என்றான். இவனுக்குப் பாடம் தெரிகிறது. எழுதத் தைரியம் இல்லாமல் புத்தக வாக்கியத்தை எடுத்து வைத்திருக்கிறான். இப்போது சொன்னதை அப்படியே எழுதிக் கொண்டுவரச் சொன்னேன், முடிந்தது.

இன்னொருவன் தலையைக் குனிந்துகொள்வான். அவசரப்படாதீர்கள். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்துத் தாளையும் ஒரு பென்சிலையும் அவன் பக்கம் நகர்த்துங்கள்.

"எதெல்லாம் நீ எழுதினது, எதெல்லாம் வேற இடத்துல இருந்து எடுத்தது? நீயே கோடு போட்டுக் காட்டு. திட்டறதுக்குக் கேக்கல."

அந்தப் பென்சில் பெரிய விஷயம். 'காப்பி அடிச்சியா?' என்றால் இல்லை என்றுதான் வாயில் வரும். கோடு போடச் சொன்னால் கை போட்டுவிடும். பலமுறை நான் கண்டுபிடித்ததைவிட அதிகமாகவே போட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி இரண்டு தாள் என்றால் இருவரையும் தனித்தனியாக, ஒருவர் மற்றவரைப் பார்க்காதபடி அடுத்தடுத்துக் கூப்பிடுங்கள். இதை அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தால் அந்தப் பெண்ணை அழவைத்திருக்க மாட்டேன்.

ஏன் என்றும் கேளுங்கள். ராத்திரி ஷிப்டில் துணிக்கடையில் வேலை, வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பாடமே புரியவில்லை என்று வரும். காரணம் உண்மையாக இருந்தாலும் மார்க் மாறக் கூடாது. உதவிதான் மாற வேண்டும்.

8. முடிவு, குறிப்பு

முதல் தடவை, இளநிலை, சின்ன அசைன்மென்ட் என்றால் திருப்பி எழுதவைத்து, அறிவித்தபடி மார்க் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை பூஜ்யம். துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மூன்றாவது உங்கள் கையில் இல்லை, கல்லூரிக் குழுவுக்குப் போக வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று ஒருவருக்குச் சலுகையும், வாயாடி என்று இன்னொருவருக்குக் கூடுதல் தண்டனையும் கொடுத்தால் ஒரே நாளில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதி வையுங்கள்: தேதி, எந்தத் தாள், என்ன கண்டேன், மாணவர் என்ன சொன்னார், என்ன முடிவு. கீழே மாணவரின் கையெழுத்து. இதை வகுப்பு வாட்ஸப் குரூப்பில் யாரும் பேசக் கூடாது, நீங்களும்தான்.

9. தேர்வு ஹாலில்

வினாத்தாள் கொடுப்பதற்கு முன் குப்பைக்கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போங்கள். "எதுவும் இருந்தா இப்பவே போட்டுருங்க, யாருன்னு பார்க்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே பார்க்காதீர்கள். கூடை காலியாகத் திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

அதன் பிறகும் ஹால் டிக்கெட்டின் பின்புறம், கால்குலேட்டர் மூடிக்குள், உள்ளங்கையில் என்று எங்காவது இருக்கும். பார்த்தால் கத்தாதீர்கள். பிட்டையும் விடைத்தாளையும் எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, தலைமைக் கண்காணிப்பாளருக்குச் சொல்லி அனுப்புங்கள். பிட்டில் பதிவெண்ணும் உங்கள் கையெழுத்தும் வேண்டும். மாணவர் தன் கைப்பட விளக்கம் எழுதட்டும். மறுத்தால், மறுத்தார் என்று நீங்கள் எழுதுங்கள். உடம்பைத் தடவிச் சோதிக்கக் கூடாது. பெண்ணாக இருந்தால் ஆண் ஆசிரியர் பக்கத்திலேயே போக வேண்டாம், பெண் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். போனை அணைத்து வாங்கி வைக்கலாம், திறந்து பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை.

மாட்டிய பிள்ளையைத் தனியாக வெளியே அனுப்பாதீர்கள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஹாலிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்த ஒரு மணி நேரம் ஆபத்தானது. ஊரெல்லாம் தெரிந்துவிடும், அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று மனம் எங்கேயோ போய்விடும். ஒருவர் கூட உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள். இது ஒரு பேப்பர்தான், மறுபடி எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்குத் தகவல் சொல்லும்போது வசைபாடாமல், யாராவது வந்து அழைத்துப்போகச் சொல்லுங்கள். ஹாஸ்டல் பிள்ளை என்றால் வார்டனிடம் கையோடு ஒப்படையுங்கள். மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டின் 104 இரண்டும் எந்நேரமும் கிடைக்கும். இந்த எண்களை ஹால் கண்காணிப்புக்குப் போகும்போது பாக்கெட்டில் வைத்திருங்கள்.

10. பிராஜெக்ட், ஆய்வேடு

கல்லூரிக்குப் பக்கத்திலேயே பிராஜெக்ட் சென்டர் இருக்கும். தலைப்பு சொன்னால் ரிப்போர்ட், பைண்டிங், வைவாவுக்குக் கேள்வி பதில் எல்லாம் சேர்த்து ஒரே பில். அதை மூட நம்மால் ஆகாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாணவரைப் பார்த்து, என்ன செய்தார் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆட்களிடம் நிரப்பி வாங்கிய வினாப் படிவங்களை நேரில் கேளுங்கள். நூற்றிருபது பேரிடம் கேட்டதாகச் சொன்னவரிடம் நூற்றிருபது தாள் இருக்க வேண்டும், நூற்றிருபதும் ஒரே பேனாவில் டிக் அடித்திருக்கக் கூடாது.

முதுநிலை ஆய்வேடு, பிஎச்.டி. என்றால் முன்பு சொன்ன 2018 விதிமுறைகள் வந்துவிடும். ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இருந்தால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. முறையாக மேற்கோள் காட்டிய பகுதி, நூற்பட்டியல், நன்றியுரை, சட்ட வாசகங்கள், பொதுவாகத் தெரிந்தவை, பதினான்கு சொற்கள் வரை தொடர்ச்சியாக ஒத்துப்போவது இவை கணக்கில் வராது. துறைத் தலைவர் தலைமையில் ஒரு குழு விசாரித்து 45 நாளில் அறிக்கை தர வேண்டும், அதன் மேல் நிறுவன அளவில் இன்னொரு குழு. ஆசிரியர்களுக்கும் தண்டனை உண்டு: ஆண்டு ஊதிய உயர்வு நிற்கும், புது ஆய்வு மாணவர்களை எடுக்க முடியாது. மாணவன் எழுதியதை அப்படியே தன் பெயரில் மாநாட்டில் வாசிக்கிற வழக்கம் உள்ள துறையில் வேலை பார்த்தால், இந்தப் பத்தியைப் பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். ஒட்டியது நீங்கள்தான் என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. மேலிருந்து போன் வரும்

'அந்தப் பையன் நம்ம ஆளு, பார்த்துப் போட்டு விடுங்க' என்று ஒரு நாள் போன் வரும். புது ஆள், நிரந்தரம்கூட ஆகவில்லை, என்ன செய்வது? சண்டை போடாதீர்கள். "சரிங்க சார், ஃபைல்ல எழுதிட்டேன், ஹெச்.ஓ.டி. கையெழுத்தும் ஆயிடுச்சு. நீங்க மாத்தச் சொன்னதா ஒரு வரி எழுதிக் கொடுத்தா மாத்திடறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். எனக்கு இதுவரை யாரும் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்ததில்லை.

கடைசியாக, திருப்பி எழுதிய தாள் வரும்போது அதைக் கட்டின் அடியில் செருகிவிடாதீர்கள், முதலில் அதைப் படியுங்கள். மதுரை உருக்காலைக்காரன் திரும்ப எழுதிக் கொண்டுவந்தது பதினாறே பக்கம். ஐந்து கடைகளுக்குத்தான் போயிருந்தான், கூட்டல் இரண்டு இடத்தில் தப்பு. ஒரு கடைக்காரர் பேசவே மறுத்து விரட்டிவிட்டார் என்பதையும் ஒரு பத்தியாக எழுதியிருந்தான். கூட்டலைத் திருத்தச் சொல்லிவிட்டு, எனக்கு விட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.